கொட்டகைக்குள் போகாத லாரி

நேராகவே சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பொறாமை. என் மச்சான் நோயலின் ஊருக்குப் புதுத் தீயணைப்பு லாரி வந்துவிட்டது, என் ஊருக்கு வரவில்லை. இதை 'வளப் பகிர்வு குறித்த கவலை' என்று நாசூக்காகச் சொல்ல எனக்கும் தெரியும். மாநிலத் தீயணைப்பு மீட்புச் சேவையோடு பேசிப் பேசி அந்தப் பாஷை எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனாலும் அதற்குப் பெயர் பொறாமைதான்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் மர்ராகில், அந்தப் பக்கம் டென்பரி. நடுவில் ஒரே ஒரு வண்டி போகிற அகலத்தில் ஒரு மரப்பாலம். மர்ராகில் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு நான் கேப்டன். பெயர் ரஸ் டன்க்லி. டென்பரிப் படைக்கு நோயல் பார்ச்சர்ட் கேப்டன். அவன் தங்கை டெனீஸைத்தான் நான் கட்டியிருக்கிறேன். எங்கள் இருவருக்கும் இதில் சம்பளம் கிடையாது. ஆடு வளர்க்கிறோம், கோதுமை போடுகிறோம், புகை தெரிந்தால் போட்டது போட்டபடி ஓடுகிறோம்.

எங்கள் லாரியின் பெயர் பெரில். நான் படையில் சேர்ந்தபோதே அவள் கிழவி. பிரேக்கை மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்பாள். தொட்டி கசியும். முதல் தடவை சாவி திருகினால் இருமுவாள், இரண்டாவது தடவை முனகுவாள், மூன்றாவது தடவைதான் கிளம்புவாள். போன கோடையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புல் பற்றிக்கொண்டபோது பாதி வழியில் படுத்துவிட்டாள். காற்று திரும்பியதால் பள்ளிக்கூடம் பிழைத்தது. இந்தக் கோடைக்குள் ஒரு நல்ல லாரி வராவிட்டால் அடுத்த தடவை காற்று திரும்பும் என்று யார் சொல்வது? அதுதான் என் கவலை. பொறாமை அதற்கு மேல்.

லாரி ஒப்படைக்கும் விழாவுக்கு டென்பரிக்காரர்கள் எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வயிறெரியட்டும் என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். ரொட்டியில் சுருட்டிய சாசேஜும் வதக்கிய வெங்காயமும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். என் பங்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு லாரியைப் பார்த்தேன். லாரி அப்படி ஒரு சிவப்பு. ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"வாய மூடு, ஈ போகுது" என்றாள் டெனீஸ்.

தலைநகரிலிருந்து வந்திருந்த கொள்முதல் உத்தி இயக்குநர் அட்ரியன் ஃபெல்ஹாம் மேடை ஏறினார். இஸ்திரி போட்ட சட்டை. பூட்ஸில் மண் படாமல் இருக்க சாக்கு விரித்திருந்தார்கள். லாரியை அவர் ஒருபோதும் லாரி என்று சொல்லவில்லை.

"நண்பர்களே, பழைய காலத்தில் அரசாங்கம் லாரி வாங்கியது. தீ வந்தது, லாரி போனது. அவ்வளவுதான். அதில் எந்தச் சிந்தனையும் இல்லை" என்று தொடங்கினார். "நாங்கள் இன்று உங்களுக்குத் தருவது ஓர் ஒருங்கிணைந்த தீயணைப்புத் திறன் தளம். இதற்காக என் பிரிவு பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி உத்தி வகுப்பதில் போயிற்று. ஒரு கட்டத்தில் உத்தி எவ்வளவு முழுமை அடைந்ததென்றால், இனி வண்டியே வாங்கத் தேவையில்லையோ என்றுகூட எங்களுக்குத் தோன்றியது. இருந்தாலும் வாங்கினோம். அந்தத் துணிச்சலுக்காக என் குழுவினருக்குக் கைதட்டுங்கள்."

கைதட்டினார்கள். நோயல் ரிப்பனை வெட்டி, மேலே ஏறி உட்கார்ந்து, ஊரே பார்க்க லாரியைக் கொட்டகைக்குள் ஓட்டினான். வாசல் உத்திரத்தில் லாரியின் கூரை விளக்கு இடித்தது. ஒரு சத்தம், அப்புறம் கொஞ்சம் கண்ணாடித் தூள். நோயல் பின்னால் எடுத்து மெதுவாக மறுபடி முயன்றான். மறுபடி இடித்தது.

"டயர்ல கொஞ்சம் காத்த இறக்கிப் பாக்கலாமா?" என்று நோயல் மேலே இருந்து கேட்டான். பாவம், முகம் லாரி நிறத்துக்கு வந்திருந்தது.

"டயர் காத்து உத்தரவாதத்துல வருதுங்க. அதத் தொடக் கூடாது" என்றார் ஃபெல்ஹாம். "தளம் சரியாத்தான் இருக்கு. கொட்டகைதான் சின்னது. கொட்டகை எங்க பிரிவு இல்ல, கட்டடப் பிரிவு. அவங்களோட உத்தி இன்னும் வெளியாகல."

"வாசல அளந்து பாத்துட்டு வாங்கியிருக்கலாமே" என்றாள் டெனீஸ்.

"அளக்கறதுக்குத் தனி டெண்டர் விட்டிருக்கோம்மா" என்றார் அவர் கனிவாக.

லாரி வெளியே தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. அடுத்த வாரமே இன்னொன்றும் தெரிந்தது: மரப்பாலம் தாங்கும் எடையைவிட அது கனம். ஆற்றைத் தாண்ட வேண்டுமானால் நெடுஞ்சாலை வழியாகச் சுற்றி வரவேண்டும், அதற்குள் இந்தக் கரையில் எரிய வேண்டியது எரிந்து முடிந்திருக்கும். இதெல்லாம் தெரிந்த பிறகாவது என் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. கொட்டகைக்குள் போகாவிட்டாலும் பாலம் ஏறாவிட்டாலும் அது புது லாரி. நோயல் பப்பில் அதன் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பீர் கேட்பான்.

"இப்படிப் பொருமிக்கிட்டு இருக்கறதுக்கு நேராப் போய்க் கேட்டுடு" என்று டெனீஸ் என்னை வண்டியில் ஏற்றி வட்டார அலுவலகத்துக்கு ஓட்டினாள். ஃபெல்ஹாம் அங்கே வாரம் ஒருநாள் உட்காருவார்.

எங்களுக்கு ஏன் லாரி இல்லை என்று கேட்டேன். அவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வரைபடத்தில் டென்பரி முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரே பச்சை.

"பாருங்க, உங்க ஊர்ல தீயே இல்லையே" என்றார்.

"யார் சொன்னா? கோடைல வாரத்துக்கு ஒண்ணு வருது. வந்தா அணைச்சிடறோம்."

"அதாங்க சிக்கல். நீங்க பாட்டுக்கு அணைச்சிட்டா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னது தப்பில்லை. எங்கள் ஊர் வழக்கம் அது. கோடை பிறந்தால் மர்ராகிலில் ஒவ்வொரு விவசாயியும் தன் பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியும் சின்னப் பம்பும் ஏற்றிவிடுவான். சர்ச்சுக்குப் போனாலும் அதோடுதான் போவான். எங்கே புகை தெரிந்தாலும் எல்லா வண்டியும் அங்கே பாயும். பெரில் இருமி முனகிப் போய்ச் சேர்வதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். அணைத்த பிறகு ஆளுக்கொரு பீர் குடிப்போம். தலைமையகத்துக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்று எவனுக்கும் தோன்றியதில்லை. டென்பரிப் பக்கம் அப்படியில்லை. அங்கே நிலமெல்லாம் நகரத்துக் கம்பெனிகளிடம் போய்விட்டது. பிக்கப் வைத்திருக்க ஆளில்லை. நோயலின் நாலைந்து பேர் போய்ச் சேர்வதற்குள் தீ நன்றாக வளர்ந்துவிடும். வளர்ந்த தீயெல்லாம் புள்ளியாகிவிடும்.

"நல்லா எரியற ஊருக்குத்தான் எங்க உத்தியில முன்னுரிமை. தேவை அங்கதானே இருக்கு" என்றார் ஃபெல்ஹாம்.

"அப்ப ஒழுங்கா அணைக்கறவனுக்கு ஒண்ணும் கிடையாதா?"

"பாராட்டுச் சான்றிதழ் உண்டுங்க. அதுக்கும் விண்ணப்பிக்கணும்."

"இப்ப நாங்க என்னதான் பண்ணணும்?"

"நான் எதையும் பண்ணச் சொல்லல. தேவைக்குச் சான்று வேணும்னு மட்டும் சொல்றேன்."

"சான்றுன்னா, ஊர் எரியணுமா?" என்றாள் டெனீஸ்.

அவர் நாற்காலியில் சாய்ந்து, விரல்களைக் கோத்து, உண்மையாகவே யோசித்தார். "முழு ஊரும் வேணாம்மா. பகுதிச் சான்றையும் நாங்க ஏத்துக்கறோம்."

திரும்பும் வழியெல்லாம் டெனீஸ் சிரித்துக்கொண்டு வந்தாள். நான் சிரிக்கவில்லை. என் புத்தி ஏற்கெனவே கோணலாக ஓட ஆரம்பித்துவிட்டது.

அன்று மாலை பப்பில் படையைக் கூட்டினேன். "இனிமே புகை பாத்தா மொதல்ல தலைமையகத்துக்குப் போன். அவங்க பதிவு பண்ற வரைக்கும் ஒருத்தனும் பம்பத் தொடக் கூடாது" என்றேன்.

கஸ் ப்ரென்னன் எங்கள் படையின் துணைக் கேப்டன், என் பக்கத்து நிலத்துக்காரன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "அதுவரைக்கும் என் கோதுமை என்னய்யா பண்ணும்?"

"கொஞ்சம் எரியும்."

"கொஞ்சம்னா?"

"ஒரு புள்ளி அளவுக்கு."

"உன்னுது மொதல்ல எரியட்டும் கேப்டனே. எப்படி இருக்குன்னு பாத்துட்டு நாங்க முடிவு பண்றோம்" என்றான் கஸ். எல்லோரும் அதற்கு ஓட்டுப் போட்டார்கள்.

அவன் வாய்முகூர்த்தமோ என்னவோ, அறுவடை நடுவில் என் அறுவடை இயந்திரத்தின் பேரிங்கிலிருந்து பொறி பறந்து கோதுமைத் தாளில் விழுந்தது. நான் குதித்து இறங்கினேன். ஒரு கையால் தலைமையகத்துக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் சங்கீதம் கேட்டது. அப்புறம் ஒரு பெண் பேசினாள்.

"தீ எவ்வளவு பரப்புங்க?"

"இப்போதைக்கு ஒரு மேஜை அளவு."

"ஹெக்டேர்ல சொல்லுங்க சார்."

"கொஞ்சம் பொறும்மா, ஆயிடும்" என்றேன்.

"ஊர் பேரு? எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க."

கூட்டிச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் இன்னொரு கை என்னைக் கேட்காமல் பிக்கப்பின் பம்பைத் திருகிவிட்டிருந்தது. கால் தானாக நடந்துபோனது. ஊர்ப் பெயரின் கடைசி எழுத்துக்கு வந்தபோது எதிரே ஈரச் சாம்பல்தான் இருந்தது.

"சார், தீ இப்ப எரிஞ்சிக்கிட்டு இருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப பதிவு பண்ண முடியாதுங்க. அணைஞ்ச தீக்கு வேற நம்பர்."

அதற்குள் கஸ்ஸும் மற்றவர்களும் புழுதி பறக்க நாலாபக்கமிருந்தும் வந்து சேர்ந்தார்கள். அணைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவர்களுக்கு என்மேல் கோபம். மாலையில் டெனீஸ் சொன்னாள்: "உன் பேச்ச உன் கையே கேக்கல. ஊரு கேக்குமா?"

லாரி வரவில்லை. எங்கள் நாட்டில் நடுக்கோடையில் வரும் கிறிஸ்துமஸ் வந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் அன்றைக்குத் தீயணைப்பு லாரிதான் தேர். மேலே கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் ஒருவன் உட்கார்ந்து வியர்த்து வழிந்துகொண்டு மிட்டாய் வீச, சைரன் அலற, தெருத்தெருவாகப் போகும். பெரில்மேல் கஸ் தாத்தா. இரண்டு தெரு போவதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தெருவில் பிள்ளைகளே இல்லை. மர்ராகில் பிள்ளைகள் மொத்தமும் பாலம் தாண்டி டென்பரிக்குப் போய்விட்டார்கள், புது லாரி பார்க்க. எங்கள் மிட்டாயை நாய்கள் தின்றன.

லாரி வாங்கியதைப் பொறுத்துக்கொண்டேன், சாவியை மேஜைமேல் வைப்பதைப் பொறுத்துக்கொண்டேன். பிள்ளைகளையும் அவன் எடுத்துக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை. கஸ்ஸை இறக்கிவிட்டு, பெரிலைப் பாலத்தின் முனைக்கு ஓட்டிப்போய் நிறுத்தினேன். பம்பைச் சோதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அக்கரையையே பார்த்தேன். டெனீஸ் பக்கத்தில் உட்கார்ந்து மீதி மிட்டாயைச் சாப்பிட்டாள்.

அக்கரையில் நோயல் தாத்தா வேடத்தில் லாரியருகே நின்றான். ஃபெல்ஹாம் வந்திருந்தார், கூடவே ஒரு படம் பிடிப்பவன். அடுத்த கொள்முதல் உத்தி நூலின் அட்டைக்குப் படம் வேண்டுமாம். வெறும் லாரி அட்டையில் எடுபடாது, பின்னால் கொஞ்சம் புகை இருந்தால் நன்றாக இருக்கும் என்று படக்காரன் ஒரு புகைக் குப்பியைக் கொளுத்திக் காய்ந்த புல்லில் வைத்திருக்கிறான். அன்று மாநிலம் முழுக்க நெருப்பு மூட்டத் தடை. வெளியில் அடுப்பு மூட்டினாலே அபராதம். அந்தத் தடை படப்பிடிப்புக்குப் பொருந்துமா என்பது தெளிவில்லை என்று ஃபெல்ஹாம் பிற்பாடு விளக்கினார்.

வெள்ளைப் புகை கறுப்பாக மாறியதை நாங்கள் பார்த்தோம். டென்பரிப் பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு தண்ணீர் பாய்ச்சிய மைதானத்துக்கு ஓடினார்கள். நோயல் லாரிக்குள் ஏறிப் பொத்தானை அமுக்குவது தெரிந்தது. மறுபடி மறுபடி அமுக்கினான். லாரி நகரவும் இல்லை, தண்ணீர் அடிக்கவும் இல்லை. முன் திரையில் ஒரு வாசகம் வந்திருந்ததாம்: பராமரிப்புத் தேதி கடந்துவிட்டது, அங்கீகரிக்கப்பட்ட சேவையாளரை அணுகவும். அந்தச் சேவையாளர் தலைநகரில் இருந்தார், கிறிஸ்துமஸுக்குக் கடை அடைத்துவிட்டிருந்தார். வயிறு நிறையத் தண்ணீரோடு லாரி சும்மா நின்றது.

நான் பெரிலின் சாவியைத் திருகினேன். இருமினாள், முனகினாள், கிளம்பினாள். பாலம் தடதடக்கத் தாண்டினோம். டெனீஸ் குதித்துக் குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு புல்லுக்குள் ஓடினாள். நான் பம்பின் கைப்பிடியில் கை வைத்தேன்.

அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

தீ ஒரு கோடாகப் புது லாரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. எரியட்டுமே என்று தோன்றியது. எரிந்தால் அடுத்தது எங்களுக்கு வரலாம். வராவிட்டாலும் அவனிடமும் இருக்காது. இரண்டில் எது நடந்தாலும் எனக்கு இனிக்கும் போலிருந்தது.

"தண்ணி எங்க?" என்றாள் டெனீஸ். திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சத்தம் போடவில்லை. "ரஸ், அங்க நிக்கறது எங்கண்ணன்" என்றாள்.

அப்போதுதான் நான் லாரியை விட்டுவிட்டு அவனைப் பார்த்தேன். தாத்தா அங்கியைக் கழற்றி அதாலேயே தீயை அடித்துக்கொண்டிருந்தான். பஞ்சுத் தாடி ஒரு பக்கம் கருகியிருந்தது. லாரியை விட்டு நகர மாட்டேன் என்று நின்றான், மடையன். கைப்பிடியை இழுத்தேன். கசிந்தது போக மிச்சமிருந்த தண்ணீர் பாய்ந்தது. தீர்வதற்குள் எங்கள் ஊர்ப் பிக்கப்புகள் பாலத்தில் வரிசையாக வந்துவிட்டன. தாத்தா வேடத்தைக் களையாமலே கஸ்ஸும் வந்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டு தாத்தாக்களும் கரி படிந்து, அணைந்த புல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"மாப்ள" என்றான் நோயல் என்னிடம். கருகிய தாடியைப் பிய்த்துப் போட்டான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஃபெல்ஹாம் மைதானத்திலிருந்து நடந்து வந்தார். நேராகப் படக்காரனிடம் போய், "எடுத்தாச்சா?" என்றார்.

ஜனவரியில் ஆய்வுக் கூட்டம். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், நோயல், டெனீஸ். அந்தப் பக்கம் ஃபெல்ஹாம், தண்ணீர் ஜாடி, இன்னும் சில இஸ்திரிச் சட்டைகள்.

"நடந்தது நம்ம உத்திக்குக் கெடச்ச பெரிய வெற்றி" என்று தொடங்கினார் ஃபெல்ஹாம். "தளத்துக்கு ஒரு கீறல்கூட இல்ல. தீயணைப்பு வாகனங்களுக்கு இருக்கற மிகப் பெரிய ஆபத்தே தீதான்னு எங்க நிபுணர்கள் ரொம்ப நாளா எச்சரிச்சிக்கிட்டு வராங்க. நம்ம தளம் அதையே தாக்குப்பிடிச்சிருக்கு."

"தாக்குப்பிடிக்கல, நாங்க அணைச்சோம்" என்றேன்.

"அது ஒரு பக்க விளைவு. அதையும் குறிச்சிருக்கோம்." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு ஒரு நல்ல செய்தி, மிஸ்டர் டன்க்லி. தளத்த இனிமே வெளிய நிறுத்த முடியாது. உயரமான கொட்டகை எங்க இருக்குன்னு தேடினோம். உங்க ஊர்க் கொட்டகை முன்னால கம்பளி மூட்டை ஏத்தற கொட்டகையா இருந்ததாமே. வாசல் நல்ல உயரம். தளம் மர்ராகிலுக்கு வருது."

நோயல் பக்கம் திரும்ப எனக்குத் தைரியமில்லை. ஆனாலும் திரும்பினேன், அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"உரிமை மட்டும் டென்பரிக்கே. சான்று அவங்ககிட்டதான் இருக்கு" என்று ஃபெல்ஹாம் தொடர்ந்தார். "ஓட்டற அனுமதியும் டென்பரிப் படைக்குத்தான். உங்க பழைய வண்டிக்கு உங்க கொட்டகையில இடம் இருக்காது. அது டென்பரிக் கொட்டகைக்குப் போகுது. அத ஓட்டற அனுமதி வழக்கம்போல உங்களுக்குத்தான்."

"கொஞ்சம் இருங்க" என்றாள் டெனீஸ். "இவங்க லாரி எங்க ஊர்ல. எங்களால ஓட்ட முடியாது. எங்க லாரி இவங்க ஊர்ல. இவங்களால ஓட்ட முடியாது. அப்படித்தானே?"

"அதாம்மா பகிர்வு முறை. ரெண்டு ஊருக்கும் சமமா கெடச்சிருக்கு பாருங்க."

"என்ன கெடச்சிருக்கு?"

ஃபெல்ஹாம் தண்ணீர் குடித்தார். "சமத்துவம்" என்றார்.

புது லாரி நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் கொட்டகையில் புகுந்தது. பெரில் பாலம் தாண்டிப் போனாள். போகும்போது மூன்றாவது தடவைதான் கிளம்பினாள், அது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கொட்டகையைத் திறந்து புது லாரியின் கண்ணாடியைத் துடைப்பேன். ஏறி உட்கார அனுமதி இல்லை. கதவில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு வருவேன். சாவி இப்போதும் டென்பரிப் பப்பின் மேஜைமேல்தான் இருந்தது.

ஒரு மாதம் ஆயிற்று. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புகை கிளம்பியது. போன கோடையில் எரிந்த அதே இடம். டெனீஸ் எங்கள் பிக்கப்பை எடுத்துக்கொண்டு நேராக அங்கே பறந்தாள். நான் கேப்டன், என் இடம் லாரியில், லாரி டென்பரியில். பழைய கார் ஒன்று வீட்டில் கிடந்தது, அதில் பாய்ந்து பாலத்துக்கு விட்டேன். நடுப்பாலத்தில் எதிரே ஒரு வண்டி. நோயல். கையில் புது லாரிச் சாவியோடு எங்கள் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தான்.

ஒரு வண்டி அகலத்துப் பாலம். இரண்டு பேரும் பிரேக் போட்டோம்.

"பின்னால எடு மாப்ள" என்றான் நோயல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி. "என் லாரில தண்ணி ஜாஸ்தி."

"என் லாரி நிஜமாவே ஓடும் மச்சான். நீ எடு."

"என்னுது இப்ப சர்வீஸ் ஆயிருக்கு."

"என்னுது ஆனதே இல்ல, இருந்தும் ஓடுது."

இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்துப் பக்கம் புகை தடித்தது. சரி, தொலையட்டும், நானே பின்னால் எடுக்கிறேன் என்று கியரில் கை வைத்தபோது போன் அடித்தது. டெனீஸ்.

"அணைச்சாச்சு" என்றாள். "கஸ்ஸும் எல்லாரும் வந்துட்டாங்க. பள்ளிக்கூடத்து வேலி மட்டும் கொஞ்சம் கருகியிருக்கு. நீ எங்க இருக்க?"

"பாலத்துல."

"எங்கண்ணன்?"

"அவனும் பாலத்துலதான்."

"சரி, ரெண்டு கேப்டனும் டீ குடிக்க வாங்க" என்று வைத்துவிட்டாள்.

வானம் தெளிந்துவிட்டது. தலைமையக வரைபடத்தில் எங்கள் ஊர் இன்றைக்கும் பச்சையாகவே இருக்கும். பகிர்வு முறை வந்தபிறகு ஆற்றின் இரு கரையிலும் தீ விபத்தே பதிவாகவில்லை, இதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோகப் போகிறோம் என்று ஃபெல்ஹாம் போன வாரம்தான் வானொலியில் பேசியிருந்தார்.

நோயல் வண்டியை விட்டு இறங்கி வந்து என் ஜன்னலில் கை ஊன்றினான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கும் அவன்மேல் இருந்ததெல்லாம் இறங்கிவிட்டது போலிருந்தது. எத்தனை நாள்தான் ஒரு லாரிக்காக ஒருவன் பொருமுவான்? நான் பின்னால் எடுத்து வழி விடுகிறேன், இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கே போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத" என்றான்.

"சொல்லு."

"பெரில நான் போன ஞாயித்துக்கெழம சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன்."

"உனக்கு அனுமதி இல்லையே."

"ஓட்டலய்யா. ஸ்டார்ட் மட்டும்தான்."

"எத்தனாவது தடவையில ஸ்டார்ட் ஆனா?"

அவன் ஆற்றைப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்க அவனுக்கு மனசு வரவில்லை.

"மொதத் தடவையிலயே" என்றான்.

நான் எஞ்சினை அணைத்தேன். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஜன்னல் கண்ணாடியை ஏற்றினேன்.